அட்டவணைக்கு முன் நலமடைந்தவர்

நகரப் போக்குவரத்துத் துறையின் இரண்டாம் பணிமனையில் ஒன்பதாம் தடத்துப் பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு நிதானம் என்று பெயர் வைத்திருந்தார்கள் சக ஓட்டுநர்கள். கடைசிப் பயணி உட்கார்ந்த பிறகுதான் வண்டியை எடுப்பார் என்பதால் வந்த பெயர். பத்தொன்பது வருட வேலையில் அவர் யார்மீதும் மோதியதில்லை, யாரிடமும் எரிந்து விழுந்ததில்லை, எந்த அதிகாரியின் கண்ணிலும் பட்டதில்லை. இந்த மூன்றில் கடைசியானதைத்தான் அவர் பெரிய சாதனையாக நினைத்திருந்தார். அதைக் கெடுத்தது ஓட்டுநர் இருக்கை.

இருக்கைக்கு அடியில் ஒரு காற்றுப் பை உண்டு. வண்டி குதிக்கும்போது அந்த அடியை அது வாங்கிக்கொள்ள வேண்டும். நிதானத்தின் வண்டியில் அந்தப் பை கிழிந்து மூன்று வருடமாகியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து சந்தைவரை ஒன்பதாம் தடத்தில் முப்பத்தெட்டு வேகத்தடைகள். ஒரு நாளைக்கு எட்டு நடை. ஆக முந்நூற்று நான்கு முறை இருக்கையின் அடியிலிருந்து இரும்பு எழும்பி வந்து அவர் இடுப்பை நலம் விசாரித்துவிட்டுப் போகும்.

"பத்து நிமிஷ வேலைண்ணே," என்பார் பணிமனை மெக்கானிக். "பழைய வண்டிங்க பின்னாடி சும்மா நிக்குது. ஒண்ணுலேருந்து கழட்டி இதுல மாட்டிடுவேன். ஆனா ஆர்டர் வேணும். ஆர்டர் இல்லாம ஒரு ஆணிய தொட்டாலும் என் கழுத்துக்குக் கத்தி."

ஆர்டருக்காக நிதானம் பதினோரு கடிதம் எழுதினார். பன்னிரண்டாவது கடிதத்துக்குப் பலன் கிடைத்தது. மூன்று பேர் கொண்ட குழு ஒன்று பணிமனைக்கு வந்தது. நின்றுகொண்டிருந்த பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் மூவரும் ஆளுக்கு ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருவர் ஹாரனும் அடித்துப் பார்த்தார். இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது: "இருக்கையில் குறை ஏதும் காணப்படவில்லை. குறை, உட்காருபவரின் நடுவுடலில் உள்ளது. அதை வலுப்படுத்தப் பிலாட்டீஸ் பரிந்துரைக்கப்படுகிறது."

நிதானம் அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போனார். அவர் மனைவி பள்ளிச் சீருடை தைப்பவர். தையல் எந்திரத்திலிருந்து காலை எடுக்காமலே கேட்டார்.

"பிலாட்டீஸா? அது மாத்திரையா, ஊசியாங்க?"

"தெரியலையே. நடுவுடலுக்காம்."

"அப்போ ஊசிதான்."

மறுநாள் தலைமை அலுவலகத்தில் நலவாழ்வு அதிகாரி முன்னால் நின்றார் நிதானம். துறையில் நலவாழ்வுப் பிரிவு தொடங்கி எட்டு மாதம். அதிகாரியும் மூன்று மேசைகளும் அதன் மொத்த வலிமை. நலவாழ்வு அதிகாரிக்கு இந்த எட்டு மாதமாக நலமாக்க ஓர் ஆள்கூடக் கிடைக்கவில்லை. நிதானத்தைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு உண்மையாவே முதுகு வலிக்குதா?"

"ஆமா சார்."

"ரொம்ப?"

"குனிஞ்சு செருப்பு மாட்ட முடியல சார். சம்சாரம்தான் மாட்டி விடறா."

"பிரமாதம்!" என்றார் அதிகாரி. "நாங்க பிலாட்டீஸ நாலு கட்டமா கொண்டு வர்றோம். முதல் கட்டம் அறிமுகம். ரெண்டாவது விழிப்புணர்வு. மூணாவது பயிற்சி. நாலாவது பலன். நீங்கதான் பயனாளி எண் ஒண்ணு. இந்தப் படிவத்துல உங்க வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க்குன்னு போடுங்க."

நிதானம் எட்டு போட்டார். அதிகாரி முகம் மலர்ந்தது.

"சார், அந்த சீட்டு…" என்று தொடங்கினார் நிதானம்.

"சீட்டு இயந்திரப் பிரிவு. நான் உடல் பிரிவு," என்றார் அதிகாரி.

பிலாட்டீஸ் அறிமுக விழா தலைமை அலுவலக மண்டபத்தில் காலை ஒன்பது மணிக்கு நடந்தது. அதிகாலை நடையை முடித்துவிட்டு வந்த ஓட்டுநர்கள் தொண்ணூறு பேரைப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் வரவேற்புரை, நோக்கவுரை, தொடக்கவுரை, சிறப்புரை, வாழ்த்துரை மூன்று, ஏற்புரை, நன்றியுரை ஆகியவை இருந்தன. ஏற்புரைக்கும் நன்றியுரைக்கும் இடையில் "பிலாட்டீஸ் – 4 நிமிடம்" என்று போட்டிருந்தது.

நலவாழ்வு அதிகாரி ஐம்பது நிமிடம் நோக்கவுரை ஆற்றினார். நீண்ட நேரம் நாற்காலியில் அசையாமல் உட்காருவது மனித உடலுக்கு எவ்வளவு பெரிய கேடு என்பதைப் பற்றியது அது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்காதவனின் முதுகுத் தசைகள் என்ன கதிக்கு ஆளாகும் என்பதை அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் வரிசையில் ஓர் ஓட்டுநர் எழுந்தார். "உட்காருய்யா!" என்றார் அதிகாரி ஒலிபெருக்கியிலேயே. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அடுத்து தலைமை இயக்குநர். அவர் பேருந்தில் ஏறி எத்தனை வருடமாகியிருக்கும் என்பது அவருக்கே ஞாபகமில்லை. ஆனால் பேருந்துகளைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசக்கூடியவர். அன்று பெருந்தன்மையோடு ஒரு மணி நேரத்தில் முடித்தார்.

"நண்பர்களே! பிலாட்டீஸ் என்பது நூறாண்டுப் பழமையுள்ள ஒரு கலை. அதன் சிறப்பு என்ன? அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. எந்தச் செலவும் இல்லை. யாரையும் எதையும் மாற்றச் சொல்லாது. இருக்கையை மாற்று என்று சொல்லாது, சாலையை மாற்று என்று சொல்லாது. உன்னை மாற்றிக்கொள் என்று மட்டுமே சொல்லும். இத்தனை நல்ல பயிற்சி நூறாண்டாக நம் நிர்வாகத்தின் கண்ணில் படாமல் போனதே என்பதுதான் என் வருத்தம். இனி யாருக்காவது முதுகு வலித்தால், அது இருக்கையின் குற்றமல்ல. அவர் பயிற்சி செய்யாத குற்றம். பொறுப்பை எவ்வளவு அழகாகப் பகிர்ந்து கொடுத்துவிட்டது பாருங்கள் இந்தப் பிலாட்டீஸ்!"

முன்வரிசை கை தட்டியது. பின்வரிசை தட்டுவதற்குள் பாதிப் பேர் விழிக்க வேண்டியிருந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பயிற்சியாளரை மேடைக்கு அழைத்தார்கள். ஐம்பது வயதுப் பெண்மணி. காலை எட்டரையிலிருந்து மேடைக்குப் பக்கத்து அறையில் ஒரு விரிப்பைச் சுருட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தவர். நான்கு நிமிடத்தில் ஒலிவாங்கியைச் சட்டையில் மாட்ட ஒரு நிமிடம் போனது. பயனாளி எண் ஒன்றை மேடையில் படுக்க வைத்துப் புகைப்படம் எடுக்க இரண்டு நிமிடம் போனது. புகைப்படத்தில் தலைமை இயக்குநரும் இருக்க வேண்டும் என்பதால் நிதானத்தின் காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

மிச்சமிருந்த ஒரு நிமிடத்தில் பயிற்சியாளர் ஒலிவாங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, நிதானத்தின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"கால மடிச்சபடியே இருங்க. நல்லதுதான். இப்ப மூச்ச வயித்துக்கு இழுக்காதீங்க, விலா ரெண்டு பக்கமும் விரியற மாதிரி இழுங்க. ஆ… அப்படித்தான். விடும்போது தொப்புள முதுகுப் பக்கமா மெதுவா கொண்டு போங்க. இழுத்துப் பிடிக்காதீங்க. மெதுவா."

நிதானம் விட்டார். மூன்று வருடமாக அவர் இடுப்பில் முறுக்கிக்கொண்டு கிடந்த ஏதோ ஒன்று, யாரும் பார்க்காத நேரத்தில் அரை அங்குலம் நகர்ந்து கொடுத்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னங்க ஆச்சு?" என்றார் பயிற்சியாளர்.

"ஒண்ணுமில்ல டீச்சர். கொஞ்சம் விட்டுச்சு."

"நேரம் முடிந்தது," என்று அறிவித்தார் நலவாழ்வு அதிகாரி. நன்றியுரை நாற்பது நிமிடம் நடந்தது.

விழா முடிந்து வெளியே வந்த பயிற்சியாளரை வாசலில் மடக்கினார் நிதானம். "மூணாவது கட்டம் எப்ப வரும் டீச்சர்?"

"எனக்கென்ன தெரியும்? என்கிட்ட நாலு நிமிஷம்னுதான் சொன்னாங்க. செருப்புக்கடைக்கு மாடியில என் ரூம் இருக்கு. செவ்வாயும் வியாழனும் வாங்க. வெறும் வயித்தோட வாங்க."

அப்படித்தான் அவர் போகத் தொடங்கினார். காலை நடையை முடித்து, சீருடையை மாற்றிக்கொண்டு, செருப்புக்கடையின் மாடிப்படியை ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி ஏறுவார். அந்த அறையில் நான்கு விரிப்புகள், ஒரு மின்விசிறி, நீளமான ஒரு கண்ணாடி. வேறொன்றும் இல்லை. முதல் நாள் அவர் தொப்பையோடும் தொங்கிய தோளோடும் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, யாரோ அனுமதியில்லாமல் உள்ளே வந்துவிட்டார் என்று நினைத்தார்.

"வயித்துக்குள்ள, மேல தெரியற தொப்பைக்கும் அடியில, சுத்தி வளைச்சு ஒரு தசை இருக்கு," என்று அவர் விலாவில் விரலை வைத்துக் காட்டினார் பயிற்சியாளர். "வண்டியில சீட் பெல்ட் போடறீங்கல்ல? அது மாதிரி உடம்பு தனக்குத் தானே போட்டுக்கற பெல்ட். உங்களுது பல வருஷமா கழண்டு கிடக்கு. எல்லா அடியும் நேரா எலும்புக்குப் போகுது. அத மாட்டக் கத்துக்கறதுதான் இது. குதிக்க வேணாம், வேர்க்க வேணாம். பத்து தடவ தப்பா செய்யறதவிட ரெண்டு தடவ ஒழுங்கா செய்யுங்க."

முதல் வாரம் முழுக்க நிதானம் மூச்சுவிடத்தான் கற்றுக்கொண்டார். நாற்பத்தேழு வருடம் தப்பாகவே விட்டுவந்தது அப்போதுதான் தெரிந்தது. இரண்டாம் வாரம், மல்லாந்து படுத்து, இடுப்பைத் தரையிலிருந்து தூக்கி, முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக மறுபடி தரையில் வைக்கப் பழகினார். அவருடைய முதுகு கணுக்கணுவாக இல்லாமல் ஒரே கட்டையாக 'தொப்' என்று விழுந்தது. கீழே செருப்புக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான்காம் வாரம் நின்ற இடத்தில் நேராக நிற்க வந்தது. ஐந்தாம் வாரம் ஒற்றைக்காலில் நின்று காலுறை மாட்டினார். ஆறாம் வாரம் ஒருநாள் காலை, வாசலில் குனிந்து தன் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

மனைவி எந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இத்தன வருஷமா நான் குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்பு போயிடுச்சு. உங்களுக்குச் சரியாயிடுச்சா? என்னையும் கூட்டிட்டுப் போங்க."

அடுத்த செவ்வாயிலிருந்து இருவரும் போனார்கள்.

பயிற்சியாளர் ஒன்றை மட்டும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "தினமும் முந்நூறு தடவ அந்த இரும்பு குத்தினா நான் எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் ஒரு அளவுதான் சார். நான் டீச்சர். மந்திரவாதி இல்ல. சீட்ட மாத்தச் சொல்லுங்க."

அந்த மாதக் கடைசியில் வலிப் படிவம் மறுபடி வந்தது. நிதானம் நேர்மையாக மூன்று என்று போட்டு அனுப்பினார். மறுநாள் காலை வண்டியை எடுக்கப் போனபோது கையில் ஓர் ஓலையைக் கொடுத்தார்கள். "அனுமதி பெறாமலும் அட்டவணைக்கு முன்னதாகவும் நலமடைந்தது ஏன் என்பதற்கு ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும்."

நிதானம் அதை மூன்று முறை படித்தார். பிறகு மெக்கானிக்கிடம் கொடுத்தார். மெக்கானிக் ஒருமுறை படித்தார், கையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"அண்ணே, இதுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிடுங்க. இனிமே ஆக மாட்டேன்னு."

மன்னிப்புக் கடிதம் எடுபடவில்லை. விசாரணைக்கு அழைத்தார்கள். நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர்: நலவாழ்வு அதிகாரி, சட்டப்பிரிவு அதிகாரி, குறிப்பெடுப்பவர். எதிரில் நாற்காலி இல்லை. பிலாட்டீஸ் பயனாளிகள் உட்காருவதைத் தவிர்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை இருந்தது.

"உங்க வலி எட்டுலேருந்து மூணு ஆனது எந்தத் தேதியில?" என்று கேட்டார் சட்டப்பிரிவு அதிகாரி.

"ஒரே நாள்ல ஆகல சார். கொஞ்சம் கொஞ்சமா."

"டூட்டி நேரத்துல குணமானீங்களா, சொந்த நேரத்துலயா?"

நிதானம் யோசித்தார். "ரெண்டுலயும்தான் சார் இருக்கும்."

"டூட்டி நேரத்துலன்னா, பஸ் ஓட்ட வேண்டிய நேரத்த வேற வேலைக்குப் பயன்படுத்தினதா ஆகும். சொந்த நேரத்துலன்னா, துறையோட திட்டத்த மீறி வெளியில பலன் வாங்கினதா ஆகும். எதுன்னு நீங்களே சொல்லுங்க. உங்களுக்கு வாய்ப்பு தரலன்னு பின்னால யாரும் சொல்லக் கூடாது."

நலவாழ்வு அதிகாரி மேசைமேல் இருந்த வலிப் படிவத்தை எடுத்து நிதானத்திடம் காட்டினார். "நான் உங்கள எவ்வளவு நம்பினேன்! நாம இன்னும் அறிமுகக் கட்டத்துல இருக்கோம். அறிமுகக் கட்டத்துல யாரும் குணமாகக் கூடாது. நாலாவது கட்டத்துலதான் பலன். அதுக்கு இன்னும் பதினாறு மாசம் இருக்கு. எட்டுல ஆரம்பிச்சு ரெண்டுல முடியற மாதிரி வரைபடம் ஏற்கனவே அச்சுக்குப் போயாச்சு. இப்ப நீங்க மூணுல வந்து நிக்கறீங்க. என் நிலைமைய யோசிச்சீங்களா? நல்லாயிட்ட ஒரு ஆள வச்சுக்கிட்டு ஒரு நலவாழ்வுப் பிரிவு என்ன செய்யும்?"

"சார், பயிற்சி நல்லதுதானே? நீங்கதானே அறிமுகப்படுத்தினீங்க?"

"அறிமுகம்தான் படுத்தினேன்," என்றார் அதிகாரி. "பழகச் சொல்லல."

முடிவு அன்றே சொல்லப்பட்டது. நிதானத்தின் உடல்நிலை குறித்த பதிவேடுகள் ஒன்றோடொன்று முரண்படுவதால், முரண்பாடு தீரும்வரை அவர் வண்டி ஓட்டக் கூடாது. தினமும் காலை எட்டு மணிக்கு வந்து பணிமனைக் காத்திருப்பு அறையில் இருக்க வேண்டும். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக ஒன்பதாம் தடத்தை வேறொருவர் ஓட்டினார்.

காத்திருப்பு அறையில் முதுகு சாயாத மர பெஞ்சு ஒன்று இருந்தது. எட்டு மணி நேரம் நிதானம் அதில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். சன்னல் வழியாகத் தன் வண்டி போவதையும், வாசல் நிறுத்தத்தில் கடைசிப் பயணி படியில் கால் வைக்கும்போதே அது நகர்வதையும் பார்த்தார். அதுதான் முதுகைவிட அதிகமாக வலித்தது. பத்தாவது நாள் முதுகும் சேர்ந்துகொண்டது.

"பேசாம எட்டுன்னே எழுதியிருக்கலாம்ல?" என்றார் மனைவி.

"பொய் சொல்ல வரலையே."

"உங்க துறையில வேல பாக்கறவரு பேசற பேச்சா இது?"

இதற்கிடையில் துறை ஒரு முடிவுக்கு வந்திருந்தது. அறிமுகத்திலேயே ஒருவர் பலனடைந்துவிட்டதால் அந்த அறிமுகம் செல்லாது. பிலாட்டீஸை மறுபடி அறிமுகப்படுத்த வேண்டும். இம்முறை பிழைக்கு இடம் தரக்கூடாது என்று தலைமை இயக்குநரே திட்டம் வகுத்தார். இரண்டாம் பணிமனையின் பெரிய கொட்டகையில் நகரத்தின் மொத்த ஓட்டுநர்களும் விரிப்பில் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். தலைமை இயக்குநர் வந்து கையசைத்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். மேலிருந்து பறக்கும் கேமரா படம் பிடிக்கும். படத்துக்குத் தலைப்புகூட வைத்தாகிவிட்டது: துறை எழுகிறது. சுற்றறிக்கை தெளிவாக இருந்தது. "தலைமை இயக்குநர் நேரில் கையசைக்கும்வரை எவரும் எக்காரணம் கொண்டும் எழக் கூடாது. மீறுவோர்மீது நடவடிக்கை எடுக்கப்படும்."

மொத்த ஓட்டுநர்களும் படுத்துவிட்டால் பேருந்தை யார் ஓட்டுவது என்ற கேள்வி அந்தச் சுற்றறிக்கை கடந்துபோன ஏழு மேசைகளில் எதிலும் எழவில்லை. அது போக்குவரத்துப் பிரிவின் கேள்வி. சுற்றறிக்கை நலவாழ்வுப் பிரிவினுடையது.

குறித்த நாள் காலை ஏழரை மணிக்கு நூற்று நாற்பத்திரண்டு ஓட்டுநர்கள் கொட்டகையில் படுத்தார்கள். முதல் வரிசை நடுவில் பயனாளி எண் ஒன்று. எட்டு மணிக்குத் தலைமை இயக்குநர் வர வேண்டும். எட்டே கால் ஆயிற்று. எட்டரை ஆயிற்று. நலவாழ்வு அதிகாரி ஒலிவாங்கி முன்னால் நின்று தொலைபேசியில் பேசினார். ஒலிவாங்கியை அணைக்க மறந்துவிட்டதால் இருவர் பேச்சும் கொட்டகை முழுக்கக் கேட்டது.

"சார், எங்க சார் இருக்கீங்க?"

"பாலத்து மேல. அரை மணியா ஒரு அடி நகரல. ஊர்ல இருக்கற அத்தன காரும் ரோட்டுலதான் நிக்குது. என்னய்யா இன்னிக்கு? ஒரு பஸ்ஸக்கூடக் காணோம்!"

"பஸ்ஸெல்லாம் இங்கதான் சார் நிக்குது."

"அங்க ஏன் நிக்குது? உடனே எடுக்கச் சொல்லு!"

"டிரைவருங்க படுத்திருக்காங்க சார்."

"எழுப்புய்யா!"

"நீங்க கையசைச்சாதான் சார் எழணும். சுற்றறிக்கை…"

"நான் இங்கேருந்தே அசைக்கறேன்! அசைச்சிட்டேன்!"

நலவாழ்வு அதிகாரி சுற்றறிக்கையை எடுத்துப் பார்த்தார். "சார், 'நேரில்'னு போட்டிருக்கு. நீங்களே சேர்த்த வார்த்தை."

கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் வயிறு குலுங்கும், எழுந்ததாகக் கணக்காகிவிடுமோ என்ற பயம். ஆனால் நூற்று நாற்பத்திரண்டு பேரும் மேற்கூரையைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஓரத்தில் சுவரோடு ஒட்டி நின்றிருந்த பயிற்சியாளர் அப்போதுதான் முன்னால் வந்தார். அவருக்கு இம்முறை மூன்று நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். "நாம ஆரம்பிக்கலாமா?" என்று அதிகாரியிடம் கேட்டார். அதிகாரி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பயிற்சியாளர் ஓட்டுநர்களின் பக்கம் திரும்பினார்.

"படுத்துதானே இருக்கீங்க? அப்படியே இருங்க. இதுல பாதிக்கு மேல படுத்துக்கிட்டே செய்யறதுதான். சுற்றறிக்கைக்கு ஒரு கொறையும் வராது. முழங்கால மடிங்க. கைய விலாவுல வைங்க. மூச்சு கைய ரெண்டு பக்கமும் தள்ளுதான்னு பாருங்க."

இரண்டரை மணி நேரம் அவர் சொல்லிக்கொடுத்தார். உரை எதுவும் ஆற்றவில்லை. வரிசை வரிசையாக நடந்து, ஒருவரின் தோளைத் தளர்த்தி, இன்னொருவரின் இடுப்பைத் திருத்தி, "கழுத்துக்கு இதுல வேலையில்ல, அத விட்டுடுங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். அவரால் எட்ட முடியாத வரிசைகளுக்கு நிதானம் படுத்தபடியே தலையைத் திருப்பிச் சொன்னார்: "இழுத்துப் பிடிக்காதீங்கப்பா. ரெண்டு தடவ ஒழுங்கா செஞ்சா போதும்." முரடர்கள் என்று பெயரெடுத்த புறநகர்த் தடத்து ஓட்டுநர்கள் கால்களைக் காற்றில் நிறுத்தி, கைகளைச் சிறகுபோல் சின்னச் சின்னதாக அடித்து, நூறுவரை எண்ணினார்கள். எண்பதில் பாதிப் பேர் முனகினார்கள். நூறில் அத்தனை பேரும் ஒன்றாக மூச்சுவிட்ட சத்தத்தில் தகரக் கூரைமேல் இருந்த புறாக்கள் பறந்து போயின. கடைசி வரிசையில் ஒருவர், "இது இவ்ளோ சாதாரணமா இருக்கே, இதுக்கா இவனுங்க இத்தன பேசினானுங்க?" என்று கேட்டது தெளிவாகக் கேட்டது.

பதினொன்றேகாலுக்குத் தலைமை இயக்குநர் வந்தார், நடந்து. பாலத்தில் காரை விட்டுவிட்டு நான்கு கிலோமீட்டர். மூன்று மணி நேரம் காரில் உட்கார்ந்த முதுகு, நான்கு கிலோமீட்டர் நடையைத் தாங்கவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து, கைகளை இடுப்பில் ஊன்றியபடி உள்ளே வந்தார். கேமரா மேலே பறந்தது.

"சார், கை," என்றார் நலவாழ்வு அதிகாரி.

தலைமை இயக்குநர் இடுப்பிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையோடு, "ஐயோ!" என்று கத்திவிட்டு மறுபடி இடுப்பையே பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டது பிடித்துக்கொண்டதுதான். முதுகு அப்படியே பூட்டிக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை.

"கைய அசைங்க சார்!"

"முடியலய்யா!"

பயிற்சியாளர் முதல் வரிசையில் நிதானத்துக்குப் பக்கத்தில் ஒரு விரிப்பை விரித்தார். "படுங்க சார்." அவரும் அதிகாரியுமாக நகரப் போக்குவரத்துத் துறையின் தலைவரை ஒரு பீரோவைச் சாய்ப்பதுபோல் மெதுவாகச் சாய்த்தார்கள். நூற்று நாற்பத்து மூன்றாவது ஆளாக அவர் மல்லாந்து படுத்தார்.

"மூச்ச விலாவுக்கு இழுங்க சார்," என்றார் பக்கத்திலிருந்து நிதானம். "பயப்படாதீங்க. விடும்போது தொப்புள் உள்ள போகணும். அவ்ளோதான்."

தலைமை இயக்குநர் பக்கத்தில் படுத்திருப்பது யாரென்று தெரியாமலே அவர் சொன்னபடி செய்தார். ஒருமுறை, இரண்டுமுறை, ஐந்துமுறை. அவர் முகத்தில் ஒரு வியப்பு படர்ந்தது. இடுப்பிலிருந்து கை தானாக விலகி மேலே எழுந்தது. கை எழுந்ததைப் பார்த்த ஓட்டுநர்கள் நூற்று நாற்பத்திரண்டு பேரும், ஒவ்வொரு கணுவாக, அவசரமில்லாமல் எழுந்தார்கள். அசைந்த கையைத் தவிர தலைமை இயக்குநர் மட்டும் தரையில் கிடந்தார். மறுநாள் வெளியான 'துறை எழுகிறது' படத்தில் அப்படித்தான் இருக்கிறது.

அடுத்த வாரம் இரண்டு உத்தரவுகள் வந்தன. முதலாவது, விதியைத் திருத்தியது: "அறிமுகக் கட்டத்தில் தலைமை இயக்குநர் தவிர வேறெவரும் நலமடையக் கூடாது." இரண்டாவது, பயனாளி எண் ஒன்று இனித் தலைமை இயக்குநர் என்று அறிவித்தது. துறையில் பிலாட்டீஸால் முதலில் குணமானவர் அவர் என்பதால், அதற்கு முன் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் குணமடைதல் எதுவாக இருந்தாலும் ரத்து செய்யப்பட்டது.

நலவாழ்வு அதிகாரி நிதானத்தை அழைத்து ஒரு தாளை நீட்டினார். "உங்க கேஸ் முடிஞ்சுது. நீங்க குணமாகவே இல்ல. குணமாகாத ஆள் மேல எப்படி நடவடிக்கை எடுக்கறது? வலி இன்னும் எட்டுதான்னு கையெழுத்துப் போட்டுட்டு வண்டிய எடுங்க."

"சார், அது பொய்யாச்சே."

"பொய்ய நீங்க சொல்லலய்யா. துறை சொல்லுது. நீங்க வெறும் கையெழுத்துதான்."

நிதானம் பெஞ்சை நினைத்தார். கடைசிப் பயணியை நினைத்தார். கையெழுத்துப் போட்டார். பேனாவைக் கீழே வைத்தபோது, இந்தத் துறையில் தான் இட்ட கையெழுத்துகளில் இதுதான் நாற்றம் அதிகமானது என்று அவருக்குத் தோன்றியது. அதை வீட்டில் அப்படியே சொன்னார். மனைவி, "கைய கழுவிட்டு வந்து சாப்பிடுங்க," என்றார்.

அவர் பெஞ்சில் இருந்த நாட்களில் மெக்கானிக் ஒரு காரியம் செய்திருந்தார். ஆர்டருக்குக் காத்திராமல் பழைய வண்டியிலிருந்து காற்றுப் பையைக் கழற்றி ஒன்பதாம் தடத்து வண்டியில் மாட்டிவிட்டார். சரியாகப் பத்து நிமிடம் ஆனது. இதுபற்றி யாரும் அவர்மீது புகார் எழுத முடியவில்லை. இருக்கையில் குறையே இல்லை என்று குழு அறிக்கை கொடுத்திருக்கிறது. குறையில்லாத இருக்கையை ஒருவர் சரிசெய்தார் என்று எந்த அதிகாரி எழுதுவார்?

அடுத்த வியாழக்கிழமை செருப்புக்கடையின் மாடி அறையில் இடமே இல்லை. நிதானமும் அவர் மனைவியும் தவிர இருபத்தாறு ஓட்டுநர்கள் வந்திருந்தார்கள். விரிப்பு கிடைக்காதவர்கள் வீட்டிலிருந்து போர்வை கொண்டுவந்து வராந்தாவில் விரித்திருந்தார்கள். ஓட்டுநர்கள் எல்லாருமே புதிய விதிப்படி தங்களுக்கு முதுகு வலிப்பதாகத் துறைக்கு எழுத்துமூலம் உறுதி கொடுத்துவிட்டு வந்தவர்கள். அந்தத் தாளில் எழுதியதை எப்படியாவது பொய்யாக்கிவிடுவது என்று மும்முரமாக இருந்தார்கள்.

பாதி வகுப்பில் கதவு திறந்தது. நலவாழ்வு அதிகாரி நின்றுகொண்டிருந்தார். கால்களைக் காற்றில் நிறுத்தியிருந்த இருபத்தெட்டு பேரும் அப்படியே உறைந்தார்கள்.

"இது ஒரு திடீர் ஆய்வு," என்றார் அவர். அவர் அறையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இத்தன மாசமா அந்த நாற்காலியில உட்கார்ந்து உட்கார்ந்து… இடது பக்கம் கீழ, இங்க. ராத்திரி திரும்பிப் படுக்க முடியல. நான் வந்தேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

நிதானம் தன் விரிப்பின் ஓரத்துக்கு நகர்ந்து பாதி இடம் விட்டார்.

"பெல்ட்ட கழட்டிட்டுப் படுங்க சார்," என்றார் பயிற்சியாளர். "பேசாம."